தீவனக் கிடங்கில் படித்த இங்கிலீஷ்

டபக், டபக்கென்று இருட்டில் ஒரு சத்தம் கேட்கும். காளைகளுக்குக் கொள்ளு வேகிறது என்று அர்த்தம், வேகவைக்கிறவன் நான். ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் ராத்திரி உத்தியோகம். எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும் நன்றாயிருக்கிறது என்று ஒரு வாய் சொல்லாது. ராத்திரி வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியும், விழித்திருக்கிறவனுக்கு இரண்டு வியாதி வரும்: ஒன்று பசி, மற்றொன்று படிப்பு.

ஃபோரேஜ் துரை

கிடங்குக் கதவின்மேல் இங்கிலீஷில் 'ஃபோரேஜ்' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க நானாகவே கற்றிருந்தேன். அர்த்தம் யாரிடமும் கேட்கிற வழக்கமில்லை. வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. கிடங்கைக் கட்டிய துரையின் பெயர் என்று முடிவுகட்டி, புதிதாக வருகிறவர்களிடம் அவர் தங்கமான மனுஷர் என்றும் சொல்லிவந்தேன். ஒருநாள் அது குமாஸ்தா காதில் விழுந்தது.

"துரை உள்ளேதான்யா இருக்கார். ரெண்டு கட்டு அள்ளிக்கிட்டுப் போய்க் காளைக்குப் போடு."

காளையின் பங்காளி

வெட்கத்தில் கெலமங்கலம் சந்தையில் அட்டை போன அகராதி ஒன்று வாங்கினேன். ஃபோரேஜுக்குத் தீவனம் என்று போட்டிருந்தது. அடுத்த வரியில், இரை தேடி அலைதல். அந்த இரண்டாவதற்கு நானே உதாரணம். வெந்ததா என்று பார்க்கிற சாக்கில் தினம் ஒரு கைக் கொள்ளு என் வாய்க்குள் போகும். தளியிலிருந்து விடியலில் புல்வண்டி ஓட்டிவரும் திம்மப்பா, மென்றுகொண்டிருந்த என்னிடம் சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் கேட்டார். தலையாட்டினேன். அவர் காளைப் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"உன் பங்காளி சாப்பிட்டாச்சாம்டா, இனிமே உனக்குத்தான்."

முனியம்மாவின் மடி

மழையில்லாத வருஷம் அது. பண்ணையில் களையெடுக்கும் முனியம்மாவுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு சாயங்காலம், பிடுங்கிப்போட்ட களையிலிருந்து தொய்யக்கீரையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போகையில் பண்ணை அதிகாரியான சூப்பரண்டிடம் மாட்டிக்கொண்டாள். வேலைக்கு உள்ளே வந்த நான்தான் சாட்சி.

"இங்கிலீஷ் படிக்கிறியாமே, பார்த்ததை எழுதிக் கொடு. திருட்டுன்னா அவ வேலை போச்சு" என்றார்.

விடியும்வரை அகராதியைப் புரட்டினேன். கடைசியில், முனியம்மா ஃபோரேஜ் செய்தாள் என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பரண்டு படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, களையெடுக்கப் போ என்று அவளுக்குக் கைகாட்டினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்புச் சாம்பல் அள்ளுவதைப் பாதியில் விட்டு ஓடி, அவளைக் காப்பாற்றிய வார்த்தையை விளக்கினேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணா, ஆடுமாடு இரை தேடற வார்த்தையா எனக்குப் போட்ட? பசிக்குக் கீரை எடுத்தாள்னு எழுதினா இங்கிலீஷ்ல செல்லாதா?"

ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துப் படித்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் தோன்றவில்லை. திரும்பி வந்து மீதிச் சாம்பலை அள்ளினேன்.