பூண்டு வாசம் ஏறிய சீட்டு

சென்ற மாதம் கேமராவும் கையுமாக ஒரு பெண் எங்கள் கடைக்கு வந்தாள். மலையில் தொழில் செய்யும் பெண்களைப் பற்றிப் படம் எடுக்கிறாளாம். வறுவல் அறையின் நடுவில் என்னை நிற்க வைத்து, காப்பிக்கொட்டையை அள்ளச் சொல்லி, முகரச் சொல்லி, சிரிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பாடாய்ப் படுத்தினாள். கிளம்பும்போது, "மேடம், நீங்க ஃபர்ஸ்ட் டைம் கையெழுத்துப் போட்ட சீட்டு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? ஒரு குளோஸப் எடுத்துக்கறேன்" என்றாள். இருக்கிறது. மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. காக்கி நிறத்தில் உள்ளங்கை அகலச் சீட்டு. மேலே எங்கள் வறுவல் மாஸ்டரின் கையெழுத்து, அதற்குக் கீழே என்னுடையது. டப்பாவைத் திறந்தேன். அந்தச் சீட்டை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, என் கையெழுத்து மட்டும் இருக்கும் வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு என்ன தெரியும்? படம் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

நாயுடுபுரத்தில் இருக்கும் எங்கள் காப்பி வறுவல் கடை ஒரு ராவுத்தருடையது. நாங்கள் அவரை முதலாளி என்போம். தாண்டிக்குடித் தோட்டங்களிலிருந்து கொட்டை வாங்கி, வறுத்து, அரைத்து விற்பவர். கூடவே மலைப்பூண்டு வியாபாரமும் உண்டு. அதற்குத் தனிக் கிடங்கு. எங்கள் கடையில் ஒரு வழக்கம். வறுத்த கொட்டை நேராக அரவைக்குப் போகாது. ஆறிய பிறகு மாஸ்டர் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து நசுக்கி, மூக்கருகே கொண்டுபோவார். சரி என்று பட்டால் சீட்டில் கையெழுத்துப் போட்டு மூட்டையில் குத்துவார். சீட்டு இல்லாத மூட்டையை அரவைக்காரர் தொடமாட்டார். கையெழுத்துப் போட்டவர்தான் அந்த வறுவலுக்குப் பொறுப்பு. நல்ல பெயரும் அவருக்கு, கெட்ட பெயரும் அவருக்கு.

மாஸ்டர் பழனிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு கரிப்புகைக்கு நடுவே நின்றாலும் ஒரு புள்ளி அழுக்கு ஒட்டாது. காதில் எப்போதும் ஒரு பென்சில். வறுக்கும் இரும்பு உருளைக்குள் கொட்டை வெடிக்கும் சத்தத்தை வைத்தே, அடுப்பை எப்போது குறைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். நான் அய்யம்பாளையத்திலிருந்து கல்யாணமாகி மேலே வந்தவள். கடையில் கல்லும் கறுப்புக் கொட்டையும் பொறுக்கத்தான் சேர்ந்தேன். ஊரெல்லாம் காய்ச்சல் வந்து கடைகள் மூடிக் கிடந்து, மறுபடி திறந்த சமயம் அது. ஒரு நாள் பொறுக்கும் இடத்தில் உட்கார்ந்தபடியே, "மாஸ்டர், அடியில கருகுது" என்று கத்தினேன். அவர் உருளைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். திறந்து பார்த்தால் கருகித்தான் இருந்தது. மறுநாளே என்னை வறுவல் அறைக்கு மாற்றிக்கொண்டார். என் சுறுசுறுப்பைப் பார்த்துக் கூப்பிட்டார் என்று நினைத்து, வீட்டில் பெருமை பீற்றிக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் நான் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கொட்டையை அள்ளி நசுக்கி முதலில் என் பக்கம் நீட்டுவார். பிறகு தானும் முகர்வார். முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "என்ன தாயி, சரிதானே?" பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். பார்த்த மாத்திரத்தில் பென்சில் காதிலிருந்து இறங்கிவிடும், அல்லது கை உதறி, "இன்னும் ஒரு நா ஆறட்டும்" என்பார். அந்தப் பார்வை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. தன் கெட்டிக்காரத்தனத்துக்குத் தலையாட்ட ஒரு ஆள் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பேன். கோயில் வாசலில் கட்டிப்போட்ட யானைக்காவது ஒரு வாழைப்பழம் கிடைக்கும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் காப்பி சப்பென்று இருப்பதாக வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். நான்தான் மாஸ்டரிடம் சொன்னேன். பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டையைத் தனியாக வறுத்து, கொஞ்சம் முன்னதாகவே இறக்கி, மூன்றில் ஒரு பங்கு சேர்த்துப் பார்க்கலாம் என்று. கேட்டுக்கொண்டார். செய்தார். இரண்டே மாதத்தில் அந்தத் தூளுக்கு வரிசை நின்றது. முதலாளி அதற்கு 'மாஸ்டர் கலவை' என்று பெயர் வைத்து, மாஸ்டரின் படத்தோடு வாசலில் போர்டு மாட்டினார். யூடியூப் ஆட்கள் வந்தார்கள். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார்கள். தள்ளிக்கொண்டேன். மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வருடத் தீபாவளிக்கு முதலாளி எல்லோர் முன்னாலும் மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். எங்களுக்கு வழக்கமான ஸ்வீட் பாக்ஸ். தாண்டிக்குடி ரோட்டில் ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர் அதைப் பிரித்துக்கொண்டே, "ஒன் காப்பிக்கு அவருக்குப் பொன்னாடையா? நீயே மடிச்சுக் குடுத்திட்டு வந்தியா, இல்ல அவரே மடிச்சுக்கிட்டாரா?" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் என் பங்கு ஜாங்கிரியையும் அவர் பக்கமே தள்ளிவிட்டேன்.

அதே தீபாவளிக்கு முன்தினம் ஒரு பெரிய வறுவல் போட்டிருந்தோம். ஏரிப் பக்கத்து விடுதி ஒன்றில் கல்யாணம். முதலாளி ஒரு வருடமாக அலைந்து பிடித்த ஆர்டர். டின்கள் போதாமல், வறுத்த கொட்டையைச் சாக்குகளில் கொட்டிவைத்துவிட்டு லீவுக்குப் போனோம். மூன்று நாளும் மழை ஊற்றியது. பூண்டுக் கிடங்கு ஒழுகியதால், சுமை தூக்குபவர்கள் பூண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் காப்பி அறையில் அடுக்கியிருக்கிறார்கள். மலைப்பூண்டின் காரம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். வறுத்த காப்பி, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். கடை திறந்த அன்று நான் வெள்ளனே வந்தபோது, கடைசி இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் ஒரு சாக்கைப் பிரித்துக் கொட்டையை நசுக்கினேன். ஏறியிருந்தது. மூக்கில் குத்தவில்லை. ஆனால் அடியில் நன்றாகப் படிந்திருந்தது.

மாஸ்டர் வந்தார். கையலம்பினார். நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் எனக்குள் ஒன்று, 'போர்டுல இருக்கறது யார் படம்? அந்தப் படம் மோந்து பார்க்கட்டும்' என்றது. அவர் ஒரு பிடி அள்ளினார். நசுக்கினார். என் பக்கம் நீட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக இழுத்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என்னைப் பார்த்தார். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். "என்ன தாயி, சரிதானே?" நான் கண்ணைக்கூட அசைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இவருக்குத் தெரியாமல் இருக்காதே, தெரிந்துகொண்டே ஏன் போடுகிறார்? அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மூட்டைகள் அரவைக்குப் போய், தூளாகி, வண்டியில் ஏறுவதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மதியம் முதலாளி ஒரு பிளாஸ்க்கோடு வறுவல் அறைக்குள் வந்தார். கையில் அந்த மூட்டையின் சீட்டு. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயம். மூன்று டம்ளரில் ஊற்றினார். "குடிங்க" என்றார். நான் உதட்டில் வைத்ததும் கீழே வைத்துவிட்டேன். மாஸ்டர் டம்ளரை எடுத்தார். என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். மெதுவாக முழு டம்ளரையும் குடித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான முதலாளி இருக்கு? டிகாசன்தான் கொஞ்சம் தண்ணியா எறக்கிட்டாங்க போல" என்றார்.

"பூண்டு ரசமாட்டம் கெடக்கு. நல்லாருக்குங்கிறீங்க?" முதலாளி சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "கல்யாண வீட்ல, சம்பந்தி முன்னாடி எடுத்து வெச்சிருக்காங்க. இருவது வருசமா என் கடையில மோந்து கையெழுத்துப் போட்ட மனுசன் பேசுற பேச்சா மாஸ்டரே இது? பாக்காமயே போட்டீங்களா, வேணும்னே போட்டீங்களா? எதுன்னாலும் நாளைக்கு வர வேணாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உதட்டில் வைக்க முடியாததை அந்த மனிதர் கடைசிச் சொட்டு வரை குடித்திருக்கிறார். அவருக்கு வாசம் தெரியவே இல்லை. உருளைப் பக்கத்தில் நின்றும் கருகியது தெரியாமல் போனது, மறுநாளே என்னைக் கூப்பிட்டுக்கொண்டது, தினமும் என் முகத்தைப் பார்த்தது எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மாஸ்டர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

"முதலாளி, அந்த வாசம் எனக்கு அன்னைக்குக் காலையிலயே தெரியும்" என்றேன். "நான்தான் சொல்லல."

"ஏம்மா?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "என்னைய யாரு கேட்டா? கலவை நான் சொன்னது. போர்டுல அவரு படம். படம் எடுக்க வந்தா நான் ஒதுங்கிக்கணும். இத்தன வருசத்துல என்னைய ஒருத்தரு ஒரு வார்த்த கேக்கலயே."

"கேட்டனே தாயி" என்றார் மாஸ்டர். "தெனமும் கேட்டனே. அன்னைக்கும் கேட்டேன்."

பிறகு முதலாளியிடம் திரும்பினார். "அந்தக் காய்ச்சலோட எனக்கு மூக்கு செத்துப்போச்சு முதலாளி. திரும்பி வரவே இல்ல. மூணு வருசமா இந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அது மூஞ்சி சுழிச்சா போடமாட்டேன். கலவையும் இது சொன்னதுதான். சொல்லணும்னு எத்தனையோ நா வாயெடுத்தேன். சொன்னா, அப்ப ஒமக்கு இங்க என்ன சோலின்னு கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டு மூடிக்கிட்டேன்."

மூன்று வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தைகள் அவை. இவளால்தான் இந்தக் கடையின் காப்பி மணக்கிறது என்று முதலாளி காதுபட யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பேன். என் ஒத்திகையில் நான் நிமிர்ந்து நிற்பேன், மாஸ்டர் தலைகுனிந்து நிற்பார். நடந்தபோது இருவருமே குனிந்து நின்றோம். அவர் பயத்தில் மறைத்தார். நான் தெரிந்தே செய்தேன். எது பெரிய தப்பு என்று அன்றும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, இன்றும் இல்லை.

நான் மாஸ்டரிடம் கையை நீட்டினேன். அவருக்குப் புரிந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார். முதலாளி கையிலிருந்த சீட்டை வாங்கி, மாஸ்டரின் கையெழுத்துக்குக் கீழே என் பெயரை எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"இதுல போயி எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

"இதுவும் என் வறுவல்தான் முதலாளி."

யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. முதலாளி தானே விடுதிக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஆர்டர் மறுபடி வர ஒரு வருடம் ஆனது. அடுத்த வாரத்திலிருந்து சீட்டில் இரண்டு கையெழுத்து என்று அவரே விதி போட்டார். காது மாஸ்டருடையது, மூக்கு என்னுடையது. மாஸ்டர் அதே கேள்வியைக் கேட்பார், ஆனால் கடைக்கு வந்தவர்கள் காதில் விழும்படி உரக்கக் கேட்பார். நானும் உரக்கப் பதில் சொல்வேன். அடுத்த தீபாவளிக்குப் பொன்னாடை எனக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கழுத்தில் அரித்துக்கொண்டே இருந்தது. மகள் படிப்பு முடிந்து பழனியிலேயே வேலை கிடைத்ததும் மாஸ்டர் அவளோடு கீழே இறங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் சீட்டில் என் கையெழுத்து மட்டும்.

கேமராக்காரப் பெண் வந்துபோனதைச் சொல்ல, நேற்று அவருக்குப் போன் செய்தேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். என்ன சேலை கட்டியிருந்தாய் என்பது வரை விசாரித்தார். பிறகு, "அந்தச் சீட்டக் காட்டுனியா தாயி?" என்றார்.

"இல்ல மாஸ்டர். அசிங்கமா இருந்துச்சு. வேற ஒண்ணக் குடுத்தேன்."

"அட, அதக் குடுத்திருக்கலாம்ல" என்று சிரித்தார். "அதுன்னா படத்துல நானும் வந்திருப்பேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கொஞ்சம் தள்ளிக்கங்க என்று நான் அவரிடம் சொல்லவில்லை. விரலால் ஒதுக்கினேன், அவ்வளவுதான்.

இன்று காலை அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னொரு முறை வர முடியுமா, முதல் சீட்டு கிடைத்துவிட்டது என்று. பதில் இன்னும் வரவில்லை. சீட்டை டப்பாவிலிருந்து எடுத்து மேசைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன்.