கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வாசகர்

நான்காம் மாடிக்கு இறங்கியதும் தொங்கு பலகையை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே பளபளக்கும் ஒரு கண்ணாடியின் மேல் மறுபடி சோப்புத் தண்ணீர் அடிப்பார். பிறகு ரப்பர் விளிம்பு வைத்த துடைப்பானால் ஆற அமர வழிப்பார். கை துடைக்கும், கண் உள்ளே வாசித்துக்கொண்டிருக்கும்.

நகரத்துப் பெரிய நூலகத்தின் கண்ணாடிகளை வெளியிலிருந்து கழுவுகிறவர் அவர். உச்சி மாடியில் தொடங்கி, கயிற்றில் தொங்கியபடி தரைவரை வருவதற்குள், சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களின் தோளுக்கு மேலாக எதையாவது படித்துவிடுவார். எட்டாம் மாடியில் நட்சத்திரங்கள், ஆறில் அரசர்கள், தரையில் செய்தித்தாள். எல்லாம் நடுவிலிருந்து நடுவரை. ஒரு போர் எதற்காக மூண்டது என்று தெளிவாகச் சொல்வார். முடிந்துவிட்டதா என்று கேட்டால் விழிப்பார். மருத்துவப் பகுதிக்கு நேரே ஒரு பிற்பகல் தொங்கியதில் தமக்கு நான்கு வியாதிகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்று பெண்களுக்கு மட்டுமே வருவது என்று மனைவி சொன்ன பிறகுதான் மூன்றாகக் குறைத்துக்கொண்டார்.

நான்காம் மாடியில் கதைப் புத்தகங்கள். அங்கே ஒரு கொண்டைக்கார அம்மாள், சன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவார். பெரிய கொண்டை. இடப்பக்கத்தின் மேல் வரிகளை அது எப்போதும் மறைத்துவிடும். அந்த வரிகளில் நடந்ததையெல்லாம் இவர் தாமாகவே இட்டு நிரப்பிக்கொள்வார். முதல் நாள் பக்கத்தில் நிழல் விழுந்ததும் அம்மாள் திரும்பிப் பார்த்தார். இவர் இல்லாத கறையை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். மறுநாள் அம்மாள் புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அதன் பிறகு ஒரு வழக்கமே ஏற்பட்டுவிட்டது. பக்கம் முடிந்ததும் அம்மாள் தோளுக்கு மேலாகப் பார்ப்பார், இவர் தலையசைப்பார், பக்கம் புரளும்.

அந்த ஒரு கண்ணாடிக்கு மட்டும் தினமும் ஏன் இறங்குகிறாய் என்று மேற்பார்வையாளர் கேட்காமலில்லை. ஊரில் உள்ள காக்கைகள் எல்லாம் குறிவைத்து அதிலேயே எச்சம் போடுகின்றன என்று சொல்லிவைத்தார். தேய்த்த தேய்ப்பில் அது கண்ணாடி என்றே தெரியாமல் போய், ஒரு புறா உள்ளே போய் உட்காரப் பார்த்து மூக்கை உடைத்துக்கொண்டது என்பார்கள்.

கதை இதுதான். ஆற்றில் படகு விடுகிற ஒருத்தி. வெள்ளத்தில் காணாமல்போன கணவன். பல ஆண்டுகள் கழித்து அதே சிரிப்போடு கரையில் வந்து நிற்கும் ஓர் ஆள். அவள் அவனை நம்பவும் முடியாமல் துரத்தவும் முடியாமல், முதன்முதல் என் படகில் ஏறியபோது தண்ணீரில் எதைத் தவறவிட்டாய் என்று கேட்கிறாள். அந்த இடத்தில் பக்கம் முடிந்தது. மேலேயிருந்து வாக்கிடாக்கி கத்தியது. வேலை முடிந்துவிட்டது, கயிற்றை அவிழ்க்க வேண்டும், இனி அடுத்த ஆண்டுதான். கொண்டைக்கார அம்மாள் கீழே வாசலைக் காட்டிக் கையசைத்தார். இவர் சேறு படிந்த தம் பூட்ஸைக் காட்டி, மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. தினமும் சாப்பாட்டுக்கு முன் இவரிடம் கேட்ட கதையை மறுநாள் அங்கே போர்வைகளோடு சேர்த்துப் பிழிந்து காயப்போட்டுவிடுவார். அதனால் ஒரு வாரத்துக்குள் சலவைக்கூடமே இரண்டு கட்சியாகிவிட்டது. தண்ணீரில் போனது செருப்பு என்றது ஒரு கட்சி, குடை என்றது மறு கட்சி.

"செருப்புன்னு சொன்னான்னா அவன் பொய்யன்ங்க. செருப்பு போனத எவன் இத்தன வருஷம் ஞாபகம் வெச்சிருப்பான்? பதில் தெரியாம நாளைக்கு நான் வேலைக்குப் போக முடியாது" என்றார் மனைவி.

படித்தவர்கள் போகும் இடம், எட்டாம் வகுப்போடு நின்ற நமக்கு அங்கே என்ன வேலை என்று அவர் இழுத்தார்.

"எட்டு மாடியும் தலகீழா பாத்தாச்சு. கதவு வழியா போக மட்டும் கூச்சமா? போங்க."

போனார். இத்தனை ஆண்டு கழுவிய கட்டடத்தின் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் சற்று நேரம் போராடினார். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் என்ன புத்தகம் என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது: அந்தப் புத்தகத்தின் அட்டையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"பேரு தெரியாதும்மா. எழுதினவரும் தெரியாது. நாலாவது மாடி, வடக்குப் பக்கம், மூணாவது கண்ணாடி."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெளிய தொங்கறவர் நீங்கதானா? ஒரு அம்மா படிச்சு முடிச்சு எங்கிட்ட குடுத்துட்டாங்க. வந்தாரா, வந்தாரான்னு தெனமும் கேட்டுட்டே இருக்காங்க." மேசையின் கீழிருந்து செங்கல் நிறத்தில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். நீலமாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

இங்கேயே உட்கார்ந்து படிக்கலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அதுக்குத்தானே ஐயா இவ்வளவு நாற்காலி போட்டிருக்கோம்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நன்றி என்று சொல்ல வாயெடுத்து, ஐயோ என்று சொல்லிவிட்டார்; அவளுக்குப் புரிந்திருக்கும். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். கயிறில்லாமல் அவ்வளவு உயரம் போய்ப் பழக்கமில்லை.

கொண்டைக்கார அம்மாளின் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தார். கண்ணாடியின் ஒரு மூலையில், உள்ளிருந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற மெல்லிய கோடு ஒன்று விட்டுப்போயிருந்தது, மனசு சுருக்கென்றது. ஆனால் வெளிச்சம் பக்கத்தின் மேல் குறையில்லாமல் விழுந்தது. இடப்பக்கத்து மேல் வரிகள் உட்பட எல்லாமே தெரிந்தன. தேடிப் பிடித்து, படகுக்காரி வாயைத் திறக்கிற இடத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அவள் கேட்டாள். பக்கம் முடிந்தது.

அவர் தலையசைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கையைச் சட்டையில் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, தாமே புரட்டினார்.