வேன் நிறையப் பயணிகள்

எங்கள் வீட்டில் விமானம் ஏறுகிறவர் ஒருவர்தான், என் கணவர். விடுமுறை முடிந்து அவர் மஸ்கட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் திருவனந்தபுரம் விமான நிலையம் வரை வழியனுப்ப ஒரு வேன் போகும். மாமனார், மாமியார், நான், பிள்ளைகள், மாமனாரின் தங்கை, அவர் வீட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள், கிளம்பும்முன் ஜெபம் பண்ணிய சபை உபதேசியார் என்று வேன் பிதுங்கும். பயணம் போகிறவருக்கு உட்கார இடம் இருக்கிறதா என்பதைக் கடைசியில்தான் பார்ப்போம். ஒருவரைக் கூப்பிட மறந்தால் அடுத்த விடுமுறை வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். களியக்காவிளை தாண்டிச் சாயா குடிக்க நிறுத்தும்போது மாமனார் எல்லாரையும் எண்ணிப் பார்ப்பார். தலை கூடக்கூட அவர் நெஞ்சு நிமிரும்.

இப்படி இருக்கையில், எங்கள் மாவட்டத்துக்கே விமான நிலையம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. டீக்கடையில் ஓடுபாதையைத் தினமும் இடம் மாற்றினார்கள். ஒருநாள் மயிலாடிப் பக்கம் போட்டார்கள், மறுநாள் மணவாளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் விமானம் எப்படி இறங்கவேண்டும் என்று, சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாத ஒருவர் விளக்கம் சொன்னார். எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. பிறகு ஒருநாள் அளவெடுக்க வந்தவர்கள் எங்கள் தென்னை விளையில், அதாவது தோப்பில், குறிக்கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். அதோடு சிரிப்பு நின்றது.

அந்த விளை, என் கணவர் வளைகுடாவுக்குப் போன ஆரம்ப வருடங்களின் சம்பாத்தியம். மாமனார் காலையில் பல் தேய்ப்பதே அங்கேதான். இங்கே எத்தனை பேர் விமானத்தில் போகிறார்கள் என்று கணக்கெடுத்துவிட்டுத்தான் ஓடுபாதை வேண்டுமா என்று அரசாங்கம் முடிவு செய்யும் என யாரோ சொல்ல, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். யார் வந்து கேட்டாலும் இந்தத் தெருவிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு ஈ காக்கா கூடப் போவதில்லை என்று சொல்லவேண்டும் என வீடு வீடாகச் சொல்லிவைத்தார். மாமியாரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கணக்கெடுக்க வந்தது ஓர் இளம்பெண் அதிகாரி. தெருவே எங்கள் முற்றத்தில் கூடிவிட்டது. வருடத்தில் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் விமான நிலையம் போவீர்கள் என்று கேட்டார். மாமனார் கையை விரித்தார்.

"இங்கேருந்து ஒருத்தரும் போறதில்ல மேடம். சைபர்னு போடுங்க."

மாமனாரின் தங்கைக்கு முகம் மாறிவிட்டது. "அப்போ போன தடவ, வீங்கின காலையும் இழுத்துக்கிட்டு நான் வந்தது கணக்கில இல்லியா அண்ணே?"

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து துண்டை உதறினார். மாமனார் விளை இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார், தங்கையை ஒருமுறை பார்த்தார். பாவம், அவரும் என்னதான் செய்வார்.

"பதினேழு பேரு மேடம். டிரைவரச் சேக்கல."

அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டாரும் தாங்கள் வேனில் எத்தனை பேரை ஏற்றினோம் என்று போட்டி போட ஆரம்பித்தார்கள். அதிகாரியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, விளை பறிபோகிறதே என்றும் இருந்தது. எங்கள் தெரு ஒன்றுக்கே தனி ஓடுபாதை வேண்டியிருக்கும் போலிருந்தது. ராத்திரி விமானங்களின் சத்தம் தொந்தரவாக இருக்குமா, அதற்குக் கட்டுப்பாடு வைக்கவேண்டுமா என்று அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார். மாமியார் முந்திக்கொண்டு, வருவது தன் மகன் என்றால் விடிய விடியச் சத்தம் போடட்டும் என்றார். மாமனார் முறைத்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

கடைசியாக, பதினேழு பேரும் எந்த நாட்டுக்குப் போவீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

மாமனாருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "பயணம் எம் மகனுக்கு மட்டுந்தான். நாங்க அந்தக் கண்ணாடி வாசல் வரைக்கும் போயி அழுதுட்டு வருவோம்லா."

அதிகாரி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். வழியனுப்புகிறவர்களைக் கணக்கில் சேர்க்கமுடியாது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, பதினேழை அழித்து ஒன்று போட்டார். மற்ற வீடுகளும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இறங்கின. மாமனாரின் தங்கை அதிகாரியிடம் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனார்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஓடுபாதை வராது என்று எனக்குத் தெம்பு வந்தது. மாமனாரைத் தேடி விளைக்குப் போனேன். குறிக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இனி விளைக்குப் பயமில்லை, சந்தோஷம்தானே மாமா என்றேன். அவர் திரும்பவில்லை.

"நான் மொதல்ல சொன்ன சைபர் நெசமா இருந்தா நல்லாருக்கும் மக்கா. விளை போனாலும் போவட்டு. அவன் இங்கயே நின்னா மதி, அது போதும்."

எனக்கும் அதுதான் ஆசை.