பண்ணைக்காரரின் காலைச் சுற்று

புத்தி தெளிவாக இருந்த ஒரு மனிதரைப் புத்தி கலங்கியவர் என்று எழுதிக் கொடுத்து, பூட்டிய கதவுக்குப் பின்னால் அனுப்பி வைத்தேன். ஒரே பக்கக் கடிதம், ஆங்கிலத்தில். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. எழுதி முடித்ததும் இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

நான் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியன். மனைவி போன பிறகு சேலத்து வீட்டைப் பூட்டிவிட்டு, சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் இந்த இடத்துக்கு வந்தேன். இதை முதியோர் இல்லம் என்று சொல்லக் கூடாது; ‘கம்யூனிட்டி’ என்று சொல்ல வேண்டும். நாங்கள் கிழவர்கள் அல்ல, ‘ரெசிடென்ட்’கள். விளம்பரத் தாளில் ‘கொல்லிமலைக் காற்று’ என்று போட்டிருந்தார்கள். மலை தெரிவது உண்மைதான். ஆனால் காற்று வருவது இடையில் இருக்கும் நான்கு கோழிப்பண்ணைகள் வழியாக. சாயங்காலம் அந்த வாடை அடித்ததும் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவோம். காலையில் எங்களைப் புல்தரையில் வட்டமாக நிற்க வைத்துச் சிரிக்கச் சொல்வார்கள். உடம்புக்கு நல்லதாம். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஹா ஹா என்று கத்துவோம். நானும் கத்தியிருக்கிறேன். யாரைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

அந்த வட்டத்தில் சேராத ஒரே ஆள் கோழிப்பண்ணைக்காரர். நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக்காரர். நாற்பது வருடம் முட்டைக்கோழி வளர்த்தவர். பண்ணையை இப்போது மகன் பார்க்கிறான். வாடை அடிக்கும்போது இவர் மட்டும் வராந்தாவுக்கு வந்து மூச்சை இழுத்துவிட்டு, “தீவனத்த மாத்தியிருக்கான்” என்பார். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிர் நாற்காலி அவருக்கு. ரசத்தை உறிஞ்சிக் குடிப்பார். என்னை ‘வாத்தியாருங்க’ என்று கூப்பிடுவார். பேராசிரியர் என்று இரண்டு தடவை திருத்தினேன். “ஆமாங்க வாத்தியாருங்க, பெரிய வாத்தியாருங்க” என்றார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் எங்கள் பிளாக்கின் இருபத்திரண்டு அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எங்கள் பாதுகாப்புக்காக உள்தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது இங்கே விதி. அவர் கதவைத் தட்டமாட்டார். திறந்து, வாசலிலேயே நின்று, ஆளை மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பார். பிறகு மேசைமேல் இருக்கும் தண்ணீர் ஜக்கைப் பார்ப்பார். சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போவார். வேட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுகூட வந்து நின்றிருக்கிறார்.

ஒருநாள் கேட்டேன். “என்ன பார்க்கிறீர்கள்?”

“பண்ணையில மொதல் வேலை அதுதானுங்க. ஷெட்டுக்குள்ள ஒரு சுத்து போயி எது சோந்து நிக்குது, எது தண்ணி குடிக்கலைன்னு பாக்கோணும். தீவனம் அப்பறந்தானுங்க.”

“நாங்கள் கோழிகளா?”

“கோழின்னா நெம்ப சுளுவுங்க. பொய் சொல்லாது.”

இதை அன்று மதியம் மேசையில் நடித்துக் காட்டினேன். “எண்ணி முடித்ததும் நம்மை லாரியில் ஏற்றிவிடுவார் போலிருக்கிறது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் புல்தரையில் சிரித்ததைவிட நன்றாகவே சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “கெழட்டுக் கோழிய ஆருங்க வாங்குவா?” என்று சொல்லிவிட்டு ரசத்தை உறிஞ்சினார்.

சிரிக்காதவர் ஒருவர் உண்டு. சேலத்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்த அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். அதற்கு முந்தைய மாதம் ஒரு காலையில் அவருக்குச் சர்க்கரை இறங்கி, நாற்காலியிலேயே தலை தொங்கிவிட்டது. சுற்றில் வந்த பண்ணைக்காரர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். ஆட்கள் ஓடி வந்தார்கள், அம்மா பிழைத்தார். இந்தச் சம்பவம் எனக்கு நன்றாகத் தெரியும். என் கடிதத்தில் இதைச் சேர்க்கவில்லை.

கடிதத்துக்குக் காரணம் என் போன். எனக்கு ஒரு மகள், புனேயில் இருக்கிறாள். வீட்டை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் பேச்சு தடித்து, அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். நானும் கூப்பிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எல்லோருக்கும் போன் வரும். பிள்ளைகள் கூப்பிடாத ரெசிடென்டை மற்ற ரெசிடென்ட்கள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். அப்படிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதனால் நான்கு மணிக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பேன். “சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்” என்று சத்தமாகச் சொல்வேன். போன் அணைந்திருக்கும்.

நான்காவது வாரம், திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில், பண்ணைக்காரர் மேசையைப் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. சோர்ந்த கோழியைப் பற்றிப் பண்ணை ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“ஏனுங்க, வாத்தியார ஆராச்சும் கொஞ்சம் பாத்துக்கோணுங்க. மூணு நாளா ஜக்குல தண்ணி கொறையல. ஞாயித்துக்கெழமையானா அணைஞ்ச போன்ல பேசுறாருங்க.”

ஒருவர் இருமினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ.

நான் அப்போது ரெசிடென்ட் கமிட்டியின் செயலாளர். சாம்பார் நீர்த்திருக்கிறது, லிஃப்ட் நிற்கிறது என்று மேனேஜருக்கு எழுதுவதுதான் என் அதிகாரம். அன்று மாலை அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நோக்கமின்றி அலைகிறார், அடுத்தவர் அறைக்குள் நுழைகிறார், ரெசிடென்ட்களைக் கோழிகள் என்று நம்புகிறார் என்று எழுதினேன். கடைசி வரியைத்தான் பெரிதும் ரசித்தேன். அவர் நலனில் அக்கறை கொண்டே எழுதுவதாக முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த இடத்தில் ஒரு பின்பக்கக் கட்டடம் உண்டு. பலகையில் ‘மெமரி கேர்’ என்றிருக்கும்; மறதி நோய்க்காரர்களுக்கான இடம். உள்ளே போக நம்பர் அழுத்த வேண்டும். அந்த நம்பர் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை வைப்பார்கள். சோதிக்க வந்த பெண், “ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டிருக்கிறாள். “அதுகூடத் தெரியாமயா கண்ணு வேலைக்கு வந்த?” என்றாராம் பண்ணைக்காரர். கடிகாரம் வரையச் சொன்னபோது, “செவுத்துல ஒண்ணு இருக்குதே, பத்தாதா?” என்றிருக்கிறார். ஒத்துழைக்கவில்லை, எரிச்சல் காட்டுகிறார் என்று எழுதிக்கொண்டார்கள். என் கடிதமும் அதோடு சேர்ந்தது. மகன் வந்து கையெழுத்துப் போட்டான்.

அவரைக் கூட்டிப் போனபோது நாங்கள் புல்தரையில் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பையையும் தண்ணீர் ஜக்கையும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். “ஜக்கு அங்கேயும் குடுப்பாங்கய்யா” என்றார் உடன் போன ஆள். “இருக்கட்டும் சாமி” என்றார். என்னைப் பார்க்கவில்லை. அவர் கவனிக்கவில்லை என்றே அன்று நினைத்தேன். மேனேஜர் என் அறைக்கு வந்து, “சார், உங்க லெட்டர் டாக்டருக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு” என்றார். நன்றி சொன்னேன்.

பிறகு எங்கள் காலை நிம்மதியாகிவிட்டது. யாரும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது மாதம் பதினோராம் எண் அறைக்காரர் குளியலறையில் விழுந்து, பத்து மணிவரை கிடந்தார். உயிர் போகவில்லை, இடுப்பு போயிற்று. “கீழ கிடந்தேன், கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் நர்ஸ் அம்மா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

“சார், நாப்பது வருஷம் வார்டுல காலை ரவுண்ட்ஸ் போனவ நான். டாக்டர் போனா ரவுண்ட்ஸ், பண்ணைக்காரர் போனா நோயா?”

“அதை முடிவு செய்தது டாக்டர்.”

“டாக்டருக்கு எடுத்துக் கொடுத்தது யாரு? மேனேஜர் என்கிட்ட காட்டினாரு. நல்ல இங்கிலீஷ். கோழிங்கற வரி ரொம்ப நல்லா இருந்துச்சு.” ஜக்கைத் தூக்கிப் பார்த்தார். “இன்னைக்கும் குடிக்கல” என்றார். கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

இரண்டாவது கடிதம் எழுத ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதம் ஆத்திரத்திலும் அவமானத்திலும் எழுதியது, அந்த மனிதருக்குப் புத்தியில் குறை எதுவும் இல்லை என்று எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, கெட்டுப்போன பாலை மோந்து பார்த்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். “உங்களுக்கு மனசு கஷ்டம், புரியுது சார். வேணும்னா மனநல கவுன்சிலரைப் பாக்கறீங்களா?” என்றார். ஒருவரைப் பைத்தியம் என்று எழுதினால் ஒரே நாளில் நம்புகிறார்கள். இல்லை என்று எழுதினால் எழுதியவனைச் சந்தேகப்படுகிறார்கள்.

மகனுக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை அணையாத போன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஊட்டுலயும் இதேதானுங்க. விடிஞ்சா எங்க ரூமு கதவத் தொறந்து பாப்பாரு. என்ற சம்சாரத்துக்கு ஒத்துக்கல. அதுக்குத்தான் அங்க உட்டது. இப்ப பூட்டி வெச்சிருக்கறதால எங்களுக்கு நிம்மதிதானுங்க.”

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். போனையும் சேர்த்தே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒருவர், “சரி, அடுத்து சாம்பார் விஷயமா?” என்றார். செயலாளர் பதவியை அங்கேயே விட்டேன். அதை வாங்கிக்கொள்ள மூன்று பேர் தயாராக இருந்தார்கள்.

நர்ஸ் அம்மா மட்டும் விடவில்லை. மேனேஜரிடம் தினமும் போய் உட்கார்ந்தார். மகனிடம் அவரே பேசினார். கடைசியில் ஒரு படிவம் வந்தது. தினமும் காலை அரைமணி நேரம், நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால், பண்ணைக்காரரை எங்கள் பிளாக்குக்கு அழைத்து வரலாம். பழைய சுற்று அவருக்குத் திரும்பக் கிடைக்கும். கதவைத் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. நான் கையெழுத்துப் போட்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பரிசு கொடுக்கப் போகிறவன்போலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலையில் பின்பக்கம் போனேன்.

உள்ளே ஒரே நீளக் கூடம். பதினான்கு பேர். ஒரு பாட்டி பொம்மையை மடியில் வைத்திருந்தார். பண்ணைக்காரர் இளைத்திருந்தார், வேட்டி இடுப்பில் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தது. ஒரு கிழவரின் வாயில் டம்ளரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். டம்ளர் காலியாகும்வரை அவர் திரும்பவில்லை.

“உங்க எழுத்து நல்லாருக்குன்னு என்ற பையன் சொன்னானுங்க. கையெழுத்துப் போட்ட அன்னிக்கே படிச்சு, தமிழ்ல சொன்னான்” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருடம் பாடம் நடத்திய நாக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று இடத்தில் தடுக்கியது.

“நான் வரலீங்க. அங்க நான் பாக்கறது ஆருக்கும் புடிக்கல. இங்க பதினாலு பேரு. குடுத்தாத்தான் குடிப்பாங்க. கதவத் தொறந்தா வையிறதுக்கு ஆளில்ல.” படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “வேணும்னா அந்தச் சுத்த நீங்க போங்க.”

போகிறேன். தட்டிவிட்டுத் திறக்கிறேன். நர்ஸ் அம்மா ஜக்கைத் தூக்கிக் காட்டுவார். சிலர் போகச் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் தெரிவதில்லை. ஆள் சோர்ந்திருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்பதைப் பார்த்ததும் சொல்லும் கண் எனக்குக் கிடையாது. மனிதர்களைப் பார்த்து நான் பழகியதில்லை, மட்டம் தட்டித்தான் பழக்கம்.

சுற்று முடிந்ததும் பின்பக்கம் போய், கூடத்துச் சுவரோரம் போட்டிருக்கும் பெஞ்சில் உட்காருவேன். அவர் பதினான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவார். முகம், கழுத்து, கை, பிறகு டம்ளர். பொம்மைக்கும் ஒரு பார்வை உண்டு. என் பெஞ்சுக்கு வரும்போது மட்டும் கண் சுவருக்குப் போய்விடும். நான் இருக்கும் இடத்தில் பெஞ்சு மட்டும் இருப்பதுபோல நடந்து போவார். கோபமாகப் பார்த்தால்கூடப் போதும் என்றிருக்கிறது.

இப்போதெல்லாம் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பி, ஒரு வாய்கூடக் குடிக்காமல், அவர் கண்ணில் படும்படி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். மூடியைக் கழற்றி வைக்கிறேன். இன்று காலையும் அப்படித்தான் வைத்தேன். அவர் பொம்மைக்காரப் பாட்டியைப் பார்த்தார். பாட்டிலைத் தாண்டினார். அடுத்த நாற்காலிக்காரரின் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார்.