எங்க அம்மா வீட்டுச் செம்பு

நாகல் நகரில் எங்களுக்கு ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சாக்குத் திரை. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் துரு வாசம் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. சோற்றில்கூட அது அடிப்பதாகத் தோன்றும். மூத்த மகள் பிறப்பதற்குள் பழகிவிட்டது. நான் சொல்லப்போவது அதற்கும் பிறகு, ஐம்பதுகளின் கடைசியில், இரண்டாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது.

அந்தச் சமயத்தில் ஊரில் இரும்பு, பித்தளைத் திருட்டு அதிகமாக இருந்தது. அந்தத் திருடர்கள் நகை நட்டுப் பக்கம் போகமாட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாத பகல் நேரம் பார்த்துக் கொல்லைக்குள் நுழைவார்கள். சாத்தி வைத்த கடப்பாரை, தண்ணீர்க் குழாயின் திருகு, கேட்டின் கீல், வெயிலில் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடம் என்று அகப்பட்டதைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். செம்பட்டிப் பக்கத் தோட்டங்களில் கமலையில் தண்ணீர் இறைக்கிற இரும்புச் சால்கூடக் காணாமல் போனதாகப் பேச்சு. தெருவில் பெண்கள் கூடி இதைப் பேசும்போது நானும் நின்று கேட்பேன். யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

என் கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். கெட்ட மனிதர் இல்லை. ஐந்து வேளையும் தொழுகிறவர். எடை போடும்போது ஒருநாளும் யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் இது எங்கிருந்து வந்தது என்று சாமான் கொண்டுவருகிறவர்களிடம் கேட்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. அந்தத் தெருவில் எந்தக் கடையிலும் கிடையாது. ஒருமுறை நான் கேட்டதற்கு, "கேட்டா அடுத்த கடைக்குப் போயிருவான் புள்ள. சாமான் உடையவனுக்கா திரும்பிப் போகப்போகுது?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்படிப் பட்டதாக வைத்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கும்போது கடையை நான் பார்த்துக்கொள்வேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். மாதத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறவன்தான். மரியாதையாகப் பேசுவான், பிள்ளைகளை விசாரிப்பான். பெயர் தெரியாது.

"அண்ணன் பள்ளிவாசலுக்குப் போயிட்டாராக்கா?"

"ஆமா. வர நேரமாகும்."

"அப்ப நீங்களே பாத்துப் போட்டுக்குடுங்க. வெயிலுக்குள்ள நத்தம் வரைக்கும் மிதிக்கணும்."

சாக்கைக் கவிழ்த்தான். இரண்டு ஜன்னல் கம்பி, ஒரு குழாய்த் திருகு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற இரும்புக் கப்பி ஒன்று, ஒரு பித்தளைச் செம்பு. கப்பியில் அறுத்த கயிறு ஒரு முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் தராசில் வைக்கப் போனபோது கை நனைந்தது. கயிறு ஈரமாக இருந்தது. அன்று காலையில் யாரோ அந்தக் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள்.

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து கயிற்றை உருவி வெளியே சாக்கடையில் எறிந்துவிட்டு, "பழைய கப்பிதான்க்கா" என்றான்.

நான் "ம்" என்றேன். எடை போட்டுக் காசு கொடுத்தேன்.

அவன் போன பிறகு செம்பை மட்டும் குவியலில் போட மனம் வரவில்லை. நல்ல கனம். வாய் அகன்று, கழுத்து ஒடுங்கி, அவ்வளவு லட்சணமாக இருந்தது. உள்ளே எடுத்துப் போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது. கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது. எனக்கு அரபு எழுத்தைக் கூட்டி ஓதத் தெரியும். தமிழ் எழுத்து அப்போது தெரியாது, பல வருஷம் கழித்துத்தான் மகளிடம் கற்றுக்கொண்டேன். ஆனாலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள் என்பதுகூடத் தெரியாதவளா நான்? யார் பெயர் என்று யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நர்சம்மா குடியிருந்தார். தனி ஆள். என் இரண்டு பிள்ளைகளையும் கையில் ஏந்தியவர் அவர்தான். இரண்டாவது பிரசவத்தில் நான் பிழைத்ததே அவரால். பிள்ளையின் பிறப்பைப் பதிகிற தாளில் என் பெருவிரலை மசியில் ஒற்றி வைத்தவரும் அவரே. பிள்ளைக்கு ஏதாவது என்றால் ஆள் அனுப்பினால் போதும், வேலை முடிந்து போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த வெள்ளிக்குப் பத்து நாள் கழித்துக் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டது. சொல்லி அனுப்பினேன். வந்தார். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சூடுதான். குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு, வெயில் மண்டையப் பொளக்குது" என்றார்.

நான் அந்தச் செம்பில் மொண்டு கொண்டுவந்தேன். வீட்டில் வேறு செம்பு இல்லாமல் இல்லை. பளபளப்பாக ஒன்று வைத்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை.

அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கையாலும் செம்பை வாங்கினார். அவர் பெருவிரல் அதன் கழுத்தை ஒரு சுற்றுத் தடவிவிட்டு ஓரிடத்தில் நின்றது.

"செம்பு புதுசா இருக்கே. போன தடவ வந்தப்பப் பாக்கலயே?"

"எங்க அம்மா வீட்டுச் சீர் நர்சம்மா. பெட்டிக்குள்ள கெடந்துச்சு, இப்பத்தான் வெளிய எடுத்தேன்."

நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

"அம்மா வீட்டுச் சீரா?"

"ஆமா."

"நல்ல கனம்" என்றார். அண்ணாந்து முழுத் தண்ணீரையும் குடித்தார். செம்பைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் மெதுவாக வைத்தார்.

பேச்சை மாற்றுவதற்காக, "கையில என்ன கட்டு?" என்று கேட்டேன்.

"எங்க கெணத்துக் கப்பியக் கழட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. நான் ஆஸ்பத்திரியில இருந்த நேரம். பத்து நாளா வெறுங்கையாலதான் கயித்த இழுக்குறேன், தோலு உரிஞ்சுபோச்சு. இந்தக் கைய வச்சுக்கிட்டுப் பிரசவம் பாக்க முடியல. வேற ஆளத்தான் அனுப்புறாங்க."

"அடப்பாவமே, எவன் செஞ்சானோ" என்றேன்.

அவர் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

சாயந்தரம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். மூன்றாம் வகுப்பு. செம்பை அவள் கையில் கொடுத்து, "இதுல என்ன போட்டிருக்குன்னு வாசி" என்றேன். ஜன்னலோரம் கொண்டுபோய் எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். முதலில் நர்சம்மாவின் பெயர். அதற்குக் கீழே, தாயார் அன்பளிப்பு.

"நர்சம்மா பேரும்மா! நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க."

"நான் ஓடிப்போய்க் குடுத்துட்டு வரட்டா?"

"வேணாம். நான் குடுத்துக்கிறேன்."

அவர் அம்மா கொடுத்த செம்பு. அதை அவர் கையிலேயே கொடுத்து, என் அம்மா கொடுத்தது என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

மச்சான் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"கப்பி முந்தாநாளே மதுர லாரியில ஏறிப் போயிருச்சே" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவுககிட்டயா சீருன்னு சொன்ன?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் கடைத்தெருவில் புதுக் கப்பி ஒன்று வாங்கி வந்தார். "ரெண்டையும் கொண்டுபோய்க் குடுத்துரு. வாங்குனப்பத் தெரியாதுன்னு சொல்லு."

"தெரியும் மச்சான். கயிறு ஈரமா இருந்துச்சு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

ஒரு பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு நர்சம்மா வீட்டுக்குப் போனேன். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் செடி வைத்திருந்தார். மல்லிகை, கறிவேப்பிலை, நாலைந்து கத்திரி. எல்லாம் தண்ணீர் இல்லாமல் தொங்கிப்போய்க் கிடந்தன. மல்லிகைக்கு மட்டும் அடியில் மண் நனைந்திருந்தது. அந்தக் கையோடு அதற்கு மட்டும் ஊற்றியிருக்கிறார்.

கதவைத் திறந்தார். நான் கப்பியை எடுத்து நீட்டினேன். "மச்சான் குடுத்துவிட்டாங்க."

வாங்கிப் பார்த்தார். "புதுசால்ல இருக்கு. என்னோடது இது இல்லயே."

"பழசு… போயிருச்சு நர்சம்மா."

"சரி" என்று கப்பியை வாசலில் வைத்தார். உள்ளே போகவில்லை, நின்றார். என் பையில் இன்னும் ஏதோ இருப்பது வெளியே நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?"

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. செம்பை எடுத்தால் முந்தின நாள் சொன்ன பொய்யையும் கூடவே எடுத்து அவர் முன்னால் வைக்க வேண்டும்.

"இல்ல நர்சம்மா, வாரேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பை காலில் இடித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து செம்பைப் பெட்டிக்கு அடியில் துணி சுற்றி வைத்தேன். கொடுத்தாயிற்றா என்று மச்சான் கேட்டார். ஆயிற்று என்றேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையில் நான் கடையில் உட்காரவில்லை. உடம்பு முடியவில்லை என்று ஏதோ காரணம் சொன்னேன். தொழுகை நேரத்துக்கு மச்சான் கதவைச் சாத்திவிட்டுப் போவார். சைக்கிள்காரன் அந்த நேரத்தில் வந்தால் அடுத்த கடையில் போட்டுவிட்டுப் போவான். மற்ற நாளில் எங்களிடமே போட்டான். மச்சான் வாங்கினார். நான் தடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மூன்றாவது பிரசவம். ஆள் அனுப்பக் கூசியது, ஆனாலும் அனுப்பினேன். வேறு யாரையும் நம்பப் பயம். நர்சம்மா வந்தார். எந்த வித்தியாசமும் காட்டவில்லை. வலி பொறுக்காமல் நான் கத்தியபோது அதே மாதிரி நெற்றியைத் துடைத்தார், அதே மாதிரி அதட்டினார். எல்லாம் முடிந்து அவர் கை கழுவியதும், மகள் ஓடிப்போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம் கண்ணு, எங்கிட்ட இருக்கு" என்றார். பையில் இருந்து ஒரு சின்னக் கூஜாவை எடுத்துக் குடித்தார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ முறை வந்தார். எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

அடுத்த வருஷம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று காலையில் பெட்டியைத் திறந்து செம்பை எடுத்தேன். கறுத்துப்போயிருந்தது. தேய்க்க நேரமில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் மாட்டுவண்டி நின்றது. சாமான்கள் ஏறிவிட்டன. அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நர்சம்மா, இது ஒங்களது. எங்க அம்மா குடுத்தது இல்ல. திருட்டுச் சாமான்னு தெரிஞ்சேதான் வாங்குனேன். கப்பியையும் நான்தான் எட போட்டு வாங்குனேன்."

மூச்சு விடாமல் சொன்னேன். நின்றால் பாதியில் நின்றுவிடும் என்று பயம்.

அவர் செம்பை வாங்கிக் கழுத்தைப் பார்த்தார். கறுப்பில் எழுத்து தெரியவில்லை, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"எனக்கு வேல கெடச்சப்ப எங்க அம்மா வாங்கிக் குடுத்தது" என்றார். "ஊர்லருந்து வாரப்பல்லாம் செம்பு எங்கன்னு கேப்பாங்க. உள்ள இருக்கும்மான்னு சொல்லிச் சமாளிச்சேன். போன தையில அவங்க தவறிட்டாங்க. உசுரோட இருக்கையில குடுத்திருந்தீன்னா அவங்க கண்ணுல காட்டியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. அவரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வண்டியில் ஏறிச் செம்பை மடியில் வைத்துக்கொண்டார். "பிள்ளைகளப் பாத்துக்க" என்றார். வண்டி திரும்பியது.

வீட்டு வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். நான் எதை எடுத்துக்கொண்டு போனேன் என்று பார்த்திருக்கிறாள்.

"நர்சம்மா என்னம்மா சொன்னாங்க?"

"சந்தோசப்பட்டாங்க. நல்லா இருங்கன்னு சொன்னாங்க" என்றேன்.

அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நர்சம்மா அன்று உண்மையில் என்ன சொன்னார் என்பதை அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை.