கழுதைப்புலி தின்னாத ஆடு

“எந்த ஆடு? யார் வீட்டு ஆடு?” என்று கேட்காமல் நியேலே ஒரு வாக்கியமும் சொல்லமாட்டாள். எதிரே பதிவுக் கருவியோடு கூலிபாலி உட்கார்ந்திருப்பார். பமாக்கோக்காரர். எங்கள் பம்பாராவிலும் அக்கம்பக்கத்து மொழிகளிலும் சொற்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று ஊர் ஊராகச் சேகரிக்கிறார்; இப்போது எங்கள் செகூவில். பிரெஞ்சில் எழுதி வந்த இருநூறு வாக்கியங்களை அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் எங்கள் பேச்சில் சொல்ல வேண்டும்.

“ஏதோ ஒரு ஆடும்மா. சும்மா சொல்லேன்.”

“இல்லாத ஆட்டைப் பத்தி என்னத்தச் சொல்ல? காராமணித்தின்னிக்கு ஆட்டோட அருமை எங்க தெரியும்?”

அவள் கெய்டா குலம். கெய்டா குலமும் கூலிபாலி குலமும் சந்தித்தால் விளையாட்டாக ஏசிக்கொள்வது எங்கள் வழக்கம். ஏசாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. “சொல்லுடி, என் அடிமை” என்பார் அவரும்.

வாயிலிருக்கும் கோலாக் கொட்டையை அடுத்த கன்னத்துக்குத் தள்ளுவாள். ஷியா வெண்ணெய் விற்கும் கை எப்போதும் மினுங்கும். அதை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். கொழுந்தன் வீட்டுச் செவலை ஆட்டை நினைத்துக்கொண்டு மெல்லச் சொல்வாள்: “கழுதைப்புலி, இல்லை, ஆட்டைத் தின்ன, காட்டில், நேற்று.”

யார் என்பது முதலில். நடந்ததா இல்லையா என்பது அதன் முதுகோடு ஒட்டி. பிறகுதான் பொருளும் செயலும். இடமும் நாளும் வாலில். ‘ஆடு’ வருவதற்குள் ‘இல்லை’ வந்துவிடும். ஆட்டுக்காரி பயப்பட நேரமே இருக்காது. எங்கள் பேச்சு அப்படிப்பட்டது.

மூன்று நாளில் பதினோரு வாக்கியம்தான் முடிந்தது. பள்ளி வாத்தியார் சொகோபா இருநூறையும் ஒரே காலையில் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். தேநீர் கொண்டுபோன என்னிடம் கூலிபாலி சொன்னார்: “இனி வாத்தியாரே போதும்.”

வாசலில் நின்ற நியேலேவுக்கும் அது கேட்டது. சண்டை போடவில்லை. “செகூப் பேச்சுன்னு நீங்க எடுத்துட்டுப் போறது அவரு குரலையா?” என்று மட்டும் கேட்டாள். அன்று வெண்ணெய் விற்கப் போகவும் இல்லை.

புறப்படுமுன் சரிபார்க்க, வாத்தியாரும் நியேலேயும் பார்த்திருக்க, கூலிபாலி முற்றத்தில் கருவியை ஓடவிட்டார். பக்கத்தில் பெண்கள் கம்பு குத்திக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒருவர் நிறுத்திப் பேசினால், கேட்பவர் ‘நாமு’, அதாவது ‘கேட்கிறேன்’, என்று பதில் கொடுக்க வேண்டும். பதிலில்லாத பேச்சு கிணற்றில் போட்ட கல்.

வாத்தியார் குரல் ஓடியது. உலக்கைகள் தம்பாட்டுக்கு இடித்தன.

நியேலேயின் குரல் வந்தது. கழுதைப்புலி, இல்லை...

“நாமு” என்றாள் ஒருத்தி, தலை நிமிராமலே.

...காட்டில், நேற்று.

“நாமு.” இப்போது மூன்று பேர். ஐந்தாவது வாக்கியத்தில் உலக்கைகள் நின்றுவிட்டன. ஒருத்தி கருவியைப் பார்த்தே கேட்டாள்: “அப்ப அந்த ஆடு பத்திரமா வீடு வந்துருச்சா?”

கூலிபாலி வாத்தியார் குரலை மறுபடி ஓடவிட்டார். உலக்கைகள் மறுபடி இடித்தன.

முதலில் சிரித்தவர் வாத்தியார்தான். “விடுங்க ஐயா. எனக்கு என் பொண்டாட்டியே நாமு சொன்னதில்ல.”

கூலிபாலி ஒலிவாங்கியை நியேலே பக்கம் திருப்பி வைத்தார். கேள்வித்தாளைக் கையில் எடுத்தார்.

நியேலே உட்கார்ந்தாள். அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.