ஆகட்டும் தணிகாசலம்

மாகறல் தணிகாசலத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டிலும் கட்சி உறுப்பினர் அட்டையிலும் மட்டுமே இருந்தது. வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாரென்றால், இறங்குவதற்குள் நாலு பேராவது மனுவை நீட்டிவிடுவார்கள். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், தெருவுக்குக் கரண்ட் கம்பம், மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை. எல்லாவற்றையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணை ஒருதரம் மூடித் திறந்து, “ஆகட்டும்பா” என்பார். அந்தச் சட்டை வெளுக்கப் போகும்போது மனுக்களும் கூடவே போய் வெளுத்து வரும்.

அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. எதிரில் நிற்கிறவர்களின் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். வாடினால் அவருக்குப் பார்க்கச் சகிக்காது. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ‘மாட்டேன்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதர் அரசியலுக்கு வராமல் வேறு எங்கே போவார்?

ஆகட்டும் வரிசையில் முதல் ஆளாக நின்றவள் அவர் மனைவி லோகாம்பாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் கட்டித்தரச் சொல்லி அவள் கேட்டுப் பதினோரு வருஷம் ஆயிற்று. தினமும் விடிவதற்கு முன்னால் சொம்பும் கையுமாக ஏரிக்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். இதே தணிகாசலம் ஊர்ச் சுகாதாரத்தைப் பற்றி மூன்று மேடைகளில் பேசியிருக்கிறார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது என்று லோகாம்பாளே ஒப்புக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஆறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. தணிகாசலம் குறிவைத்தது ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு. “சீட்டு மட்டும் கெடைக்கட்டும், மொத வேலயே உன் கக்கூஸுதான்” என்று மனைவியிடம் சொன்னார். இருபது வருஷம் கொடி பிடித்தவருக்கு அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் சீட்டு கிடைக்க யாராவது ஒரு பெரிய மனிதரின் சிபாரிசு வேண்டும். கட்சியில் பெரிய மனிதர்கள் இரண்டு பேர். ஒருவர் சின்ன காஞ்சிபுரத்து வக்கீல் சம்பத்குமார். இன்னொருவர் அரிசி மில் திருஞானசம்பந்தம். பன்னிரண்டு வருஷமாக இரண்டு கோஷ்டிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒருவர் போகிற கல்யாணத்துக்கு மற்றவர் போகமாட்டார்.

தணிகாசலம் திங்கட்கிழமை வக்கீல் வீட்டுக்குப் போய், “நான் உங்க ஆளு சார், அந்த மில்லுப் பக்கம் தல வெச்சிக்கூடப் படுக்கறதில்ல” என்பார். வியாழக்கிழமை மில்லுக்குப் போய், “அண்ணே, அந்த வக்கீல் மூஞ்சியப் பாத்தே எட்டு வருஷம் ஆவுது” என்பார். இருவரும் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். இவர்கள் பேசிக்கொள்ளாதவரை தனக்கு ஒரு குறையும் வராது என்பது தணிகாசலத்தின் கணக்கு. அதில் தப்பும் இல்லை.

அந்த வருஷம் தலைமைக்குத் திடீரென்று நாகரிகம் பிடித்துக்கொண்டது. சீட்டு கேட்கிறவர்கள் தங்கள் விவரங்களை ஈமெயிலில் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. தணிகாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், பட்டுப்புடவைக் கடை மாடியில் இருந்த அந்தோணியின் பிரவுசிங் சென்டருக்குப் படியேறினார். அந்தோணி இருபது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். மெஷின்களை விற்றுவிட்டு அதே மேஜைகளில் ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். அவர் ஒரு கணக்கைத் திறந்து, விவரங்களை அனுப்பிக் கொடுத்தார். கட்சிக்காரர்கள், அதிகாரிகள், தெரிந்தவர்கள் என்று தணிகாசலம் டைரியில் கிறுக்கி வைத்திருந்த நூற்று நாற்பத்து மூன்று முகவரிகளையும் உள்ளே ஏற்றினார். பெரியவர்கள் பலருக்கு மகன், மகள் பேரில்தான் முகவரி இருந்தது.

வேலை அதோடு முடிந்தது. தணிகாசலத்துக்குத்தான் ருசி தட்டிவிட்டது. தினமும் வர ஆரம்பித்தார். ஜாதகம் பார்க்க ஒரு தளம், பொங்கல் வாழ்த்து அனுப்ப ஒன்று, செல்போனுக்கு ரிங்டோன் தர ஒன்று, கிரிக்கெட் ஸ்கோர் சொல்ல ஒன்று. ஒவ்வொன்றும் உள்ளே விடுமுன், உங்கள் மெயில் பெட்டியைத் திறந்துகொள்ளலாமா, பாஸ்வேர்டைத் தருகிறீர்களா என்று கேட்டது. தணிகாசலம் இரண்டு விரலால் தேடித் தேடி அடித்துக் கொடுத்துவிடுவார்.

அந்தோணி பார்த்துவிட்டுப் பதறினார். “அண்ணே, இன்னா கேக்குதுன்னு படிச்சிட்டு அமுக்குங்க. தெருவுல போறவன் கேட்டா வூட்டு சாவியக் குடுப்பீங்களா?”

“கேக்கறவன் மொகத்தப் பாத்து இல்லன்னு எப்படிப்பா சொல்றது?”

“இதுக்கு மொகமே இல்லண்ணே.”

“இருக்கட்டும்பா. எவ்ளோ மரியாதையா கேட்டுக்கினு நிக்குது பாரு.”

ஒரு மாதத்தில் பதினோரு தளங்களிடம் அவருடைய பாஸ்வேர்டு போய்ச் சேர்ந்தது. ஊரில் தணிகாசலம் ஆகட்டும் என்றால் ஒன்றும் ஆகாது. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். கம்ப்யூட்டருக்கு அந்த விவரம் தெரியாது. அவர் வார்த்தையை நம்பிக் காரியத்தில் இறங்கிய முதல் பிறவி அதுதான்.

பதினோராவதாக வந்தது ஒரு நண்பர் தளம். அது மூன்று கேள்வி கேட்டது. உங்கள் முகவரிப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாமா? எல்லோருக்கும் உங்கள் பெயரில் அழைப்பு அனுப்பலாமா? உங்கள் நண்பர்கள் யார் யார் என்று ஊருக்கே காட்டலாமா? மூன்றுக்கும் தணிகாசலம் ஆகட்டும் என்று அமுக்கிவிட்டு, இஞ்சி டீ குடிக்கப் போனார்.

அவர் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் நூற்று நாற்பத்து மூன்று கடிதங்கள் கிளம்பிவிட்டன. ‘உங்கள் நெருங்கிய நண்பர் தணிகாசலம் உங்களை அழைக்கிறார்.’ மூன்றாம் நாள் இரண்டாவது கடிதமும் போயிற்று. ‘தணிகாசலம் உங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அவரை ஏமாற்றிவிடாதீர்கள்.’ ஸ்ரீபெரும்புதூரில் தானாகவே வேலை தேடிக்கொண்ட துளசி என்ற பெண்ணுக்கும் அது போய்ச் சேர்ந்தது. மனுவைக் கொடுத்துவிட்டு அவள் அப்பா நாலு வருஷம் தணிகாசலத்தின் பதிலுக்காகக் காத்திருந்தார். கடிதத்தைக் கம்பெனி முழுக்கக் காட்டிச் சிரித்தாள் அவள். சிரிக்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

வக்கீலின் மகள் ஸுபத்ராவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவுக்கான அழைப்பு அவள் பெட்டிக்குத்தான் வந்தது; அவள் அந்தத் தளத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ‘தணிகாசலத்தின் நெருங்கிய நண்பர்கள்’ என்ற தலைப்பின் கீழே முதல் பெயர் அவள் அப்பாவுடையது. ஒட்டினாற்போல் அடுத்தது மில்காரருடையது. மூன்றாவது எதிர்க்கட்சிக்காரர். அன்று சாயங்காலமே சம்பத்குமார் தணிகாசலத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

“மில்லுப் பக்கமே போறதில்லேன்னு சொன்னீரே, நெருங்கிய நண்பர்னு போட்டிருக்கே. என்னய்யா இது?”

“அது கம்ப்யூட்டர் பண்ணது சார்.”

“கம்ப்யூட்டர் தானா பண்ணித்தா, உம்மைக் கேட்டுண்டு பண்ணித்தா?”

தணிகாசலம் மேல்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வக்கீலுக்கு ஒரு பக்கச் சாட்சி போதாது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மில்லுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை என்னிடம் இப்படிச் சொன்னான், வியாழக்கிழமை உங்களிடம் என்ன சொன்னான் என்று விசாரித்தார். மில்காரர் அதையும் சொன்னார். பிறகு வெடிச்சிரிப்பு. வக்கீலும் சிரித்துவிட்டார். கட்சித் தலைமை மூன்று முறை ஆள் அனுப்பியும் சேராத கோஷ்டிகள், தணிகாசலத்தின் புண்ணியத்தில் அரைமணி நேரத்தில் சேர்ந்துவிட்டன. சேர்ந்தவர்கள் செய்த முதல் காரியம் அவருக்குச் சீட்டு இல்லை என்று முடிவெடுத்தது.

சீட்டு அதே கட்சியிலிருந்த மங்கையர்க்கரசிக்குப் போயிற்று. அவள் இரண்டு பேர் முகத்துக்கும் நேராகவே ‘முடியாது’ என்று சொல்லிச் சண்டை போட்டவள். “அவ சொன்னா சொன்னதுதான், நம்பலாம்” என்றார் திருஞானசம்பந்தம். வக்கீல் தலையாட்டினார். வேட்பாளர் அறிமுகக் கூட்டத்தில் வக்கீலும் மில்காரரும் கைகோத்து மேடையில் நிற்க, மாலைத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவர் நம்முடைய தணிகாசலம்தான். தட்டைப் பிடிக்கச் சொல்லி யாரோ கேட்டார்கள். அவர் எப்படி மறுப்பார்?

இதற்கிடையில் அத்தனை கடிதம் போனதில் சந்தேகப்பட்டு மெயில் கம்பெனி கணக்கைப் பூட்டிவிட்டது. தணிகாசலம் மறுபடி அந்தோணியின் படியேறினார். இந்தத் தடவை லோகாம்பாளும் கூட வந்தாள். மனுஷன் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறார் என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

“தொறக்கணும்னா ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லணும்ணே” என்றார் அந்தோணி. “உங்களுக்குப் புடிச்ச தலைவர் யாருன்னு கேக்குது. அன்னிக்கு நீங்களே வெச்சதுதான்.”

தணிகாசலத்துக்கு வியர்த்தது. கணக்குத் திறந்தது திங்கட்கிழமையா வியாழக்கிழமையா என்று ஞாபகம் இல்லை. சம்பத்குமார் என்று அடிக்கச் சொன்னார். தப்பு. திருஞானசம்பந்தம். அதுவும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி என்றார் அந்தோணி. தணிகாசலம் மனைவியின் பக்கம் திரும்பாமல், தாழ்ந்த குரலில், “என் பேரப் போட்டுப் பாருப்பா” என்றார். பெட்டி திறந்துகொண்டது.

அந்தோணி பாஸ்வேர்டை மாற்றினார். பிறகு ஒவ்வொரு தளமாகப் போய், இனி என் பெட்டியைத் தொடாதே என்று நீக்க வேண்டும் என்றார். முதலில் ஜாதகத் தளம் வந்தது. எங்களை விட்டுப் போகிறீர்களா என்று அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டு அது கேட்டது. தணிகாசலத்தின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

“மனசு வரலப்பா அந்தோணி.”

“நவுருங்க” என்றாள் லோகாம்பாள். “அண்ணே, இதுல வேணாம்ன்றது எது? காட்டுங்க.”

அந்தோணி காட்டினார். பருப்பில் கல் பொறுக்குவது போல நிதானமாக, பதினொன்றையும் அமுக்கி நீக்கினாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு பாக்கி இருக்குது. சீட்டுதான் பூட்ச்சே. பின்னாடி கக்கூஸு கட்டுவீங்களா, மாட்டீங்களா? ஆகட்டும்னு மட்டும் சொல்லாதீங்க.”

அந்தோணி எதையோ தேடுகிறவர் போல எழுந்து போனார். தணிகாசலம் வாயைத் திறந்தார். பழகின சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார்.

“கட்டமாட்டேன் லோகா” என்றார். “என்னால ஆவாது. எனக்கு அதெல்லாம் ஓடவே ஓடாது.”

பதினோரு வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்த அந்த முகம் வாடவில்லை. முதுகுச் சுமையை இறக்கிவைத்தவள் போல அவள் மூச்சுவிட்டாள்.

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இத்தினி வருஷம் இருட்டுல நடந்திருக்கமாட்டேனே” என்றாள்.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். சீட்டு போனபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

மறுநாளே லோகாம்பாள் தன் தம்பியையும் கொத்தனாரையும் வரவழைத்தாள். பன்னிரண்டாம் நாள் கதவும் மாட்டியாயிற்று. உள்ளே போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். தணிகாசலம் சலவை வேட்டியோடு வெளியே நின்று, “லோகா, திறப்பு விழாவுக்கு வக்கீலக் கூப்புடலாமா, மில்காரரக் கூப்புடலாமா?” என்று கேட்டார்.

“யாரும் வேணாம்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.